சனிமூலை வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

ஹாதி சத்தமே இல்லாத வீட்டில் பிறந்தவன். சாரத்தில் அவர்கள் இருந்த மாடிப் போர்ஷனில் நாலு பேர் வாழ்கிறார்கள் என்பதே கீழ்வீட்டுக்காரர்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. அத்தா அக்பர் அலிக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அம்மா நபீசாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தை வழக்கத்தைவிட மெதுவாக வைப்பாள். அக்கா கல்யாணமாகிக் காரைக்கால் போன அன்று அழுததுகூட யார் காதிலும் விழவில்லை. வேலையாவது சத்தமான இடத்தில் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. உழவர்கரையில் அத்தாவின் மெத்தைக் கடைதான். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் நின்று பேசினால் பேசுகிறவன் காதுக்கே பேச்சு வராது.

அப்பேர்ப்பட்ட பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு என்ன கேட்டான் தெரியுமா? மெட்டல். அதிலும் டெத் மெட்டல். தொண்டையை அறுத்துக்கொண்டு கத்துவார்களே, அது.

அது அவனிடம் வந்து சேர்ந்த கதை சின்னதுதான். 2001இல் கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற ஏமா மதாம் வீட்டுக்கு மெத்தை கொண்டுபோய்ப் போட்டான். அந்த அம்மாளின் மகன் லூதோவிக் பிரெஞ்சு பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். அவன் அறையைக் காலி செய்துகொண்டிருந்த மதாம், ஒரு அட்டைப்பெட்டியை ஹாதியின் கையில் திணித்தாள். “எடுத்துட்டுப் போயிடு தம்பி. இதை அவன் போட்டா மாதா சுரூபமே கண்ண மூடிக்கிற மாதிரி இருக்கும்” என்றாள். பெட்டிக்குள் பதினோரு சிடி.

முதல் சிடியைப் போட்டபோது கீறல் விழுந்த சிடி என்று நினைத்தான். இரண்டாவதைப் போட்டபோது பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைத்தான். நாலாவது நாள் மத்தியானம், கடையின் பின்கட்டில் பஞ்சு மூட்டை மேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவனுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வான்? அவன் வீட்டில் இருபது வருஷமாக யாரும் போடாத கூச்சலை எல்லாம், எங்கோ பனி கொட்டுகிற ஊரில் யாரோ ஒருத்தன் சேர்த்துவைத்துப் போட்ட மாதிரி இருந்தது. அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடாவை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? சொன்னான். சித்தப்பா மகன் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, “இன்னாடா இது, பேய் ஓட்றானுங்களா?” என்றான். கூடப் படித்தவர்கள் கல்யாண வீட்டில்கூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கருப்பு டீசர்ட் ஒன்றை ஞாயிறு சந்தையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தபோது அத்தா ஏற இறங்கப் பார்த்து, “கட்சில சேந்துட்டியா?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு ஹாதி வாயைத் திறக்கவில்லை. தெரியாத ஆள் யாராவது என்ன பாட்டு கேட்பாய் என்றால், “எல்லாம் கேப்பேன்” என்பான். அந்தப் பொய் அவனுக்குப் பல் தேய்ப்பது மாதிரி பழகிப்போயிற்று.

2003இல்தான் ராமலிங்கத்தின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடப்போய், ‘மெட்டல் கொட்டாய்’ கண்ணில் பட்டது. யாரோ இலவசமாகக் கிடைத்த இடத்தில் கட்டிய ஃபோரம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அறுபது எழுபது பேர் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த டிரம்மர் பெரியவன், எந்த ஆல்பத்தோடு எந்தக் குழு குட்டிச்சுவராய்ப் போனது, இதுதான் சண்டை. ஹாதி அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை அடிக்காமல் படித்துக்கொண்டே இருந்தான். அறுபது பேர்! உலகத்தில் தன்னைப் போல அறுபது பேர் தமிழ் பேசுகிறார்கள்!

கொட்டாய்க்குச் சட்டம் இரண்டு. சொந்தப் பெயர் கூடாது, போன் நம்பர் கூடாது. ஒருத்தன் வீட்டுக்கு இன்னொருத்தன் போன் போட்டு அப்பாவிடம் ஏடாகூடமாகப் பேசிவிட்டதால் வந்த சட்டம். ஊர் என்று கேட்கும் கட்டத்தில் எல்லோரும் ‘நரகம்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அது ஒரு கெத்து. ஹாதி தனக்கு ‘குழி605’ என்று பெயர் வைத்துக்கொண்டான். 605 பாண்டிச்சேரி பின்கோடின் தலை. மற்றவர்கள் குழியை விட்டுவிட்டு 605 என்றே கூப்பிட்டார்கள்.

அங்கேதான் சனிமூலை இருந்தான். பெயரைப் பாருங்கள்! கொட்டாயிலேயே வாய் நீளம் அவனுக்குத்தான். யார் எதைப் புகழ்ந்தாலும், “தூ, இது மெட்டலா? இது எங்கூரு பேண்ட் வாத்தியம்” என்று ஆரம்பிப்பான். இரண்டு மூன்று வாரம் ஆளே காணாமல் போவான், திடீரென்று வந்து பத்துப் பேரோடு மல்லுக்கு நிற்பான். ஹாதி அவனை ஆறடி உயரம், கையெல்லாம் பச்சை குத்தல், காலில் பூட்ஸ் என்று மனசுக்குள் வரைந்து வைத்திருந்தான். அவனோடு ஹாதியும் மெதுவான மெட்டலா வேகமான மெட்டலா என்று இருபது பக்கம் சண்டை போட்டான். வாழ்க்கையில் ஹாதி போட்ட ஒரே சண்டை அதுதான். என்ன சுகமாக இருந்தது!

2004 டிசம்பர் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. அத்தா கடையிலிருந்த மெத்தைகளை எல்லாம் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த குப்பத்து ஜனங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஹாதி மூன்று வாரம் அந்த வேலையாகவே இருந்தான். பார்த்ததை எல்லாம் பார்த்துவிட்டு வந்து ராமலிங்கத்தின் சென்டரில் உட்கார்ந்தால், கொட்டாயில் அவனுக்காக ஒரு வரி காத்திருந்தது. “605, உயிரோட இருக்கியா?” அதற்கு அடுத்த ஞாயிறு, “எதுவும் எழுத வேணாம். ஒரு புள்ளி வச்சிட்டுப் போ.” அதற்கும் அடுத்த ஞாயிறு, “புள்ளிடா. ஒரே ஒரு புள்ளி.” மூன்றும் சனிமூலை. ஹாதி ஒரு புள்ளி வைத்தான். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: “சரி. இனிமே திட்டலாம்.” ஹாதி கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவன் கண்ணைத் துடைப்பதை ராமலிங்கம் பார்த்துவிடக் கூடாதே.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசைதான். இந்த ஆளை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

‘பாண்டி மீட்’ என்ற பேச்சு கொட்டாயில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் பாண்டியில்தான் சந்திக்க வேண்டும் என்றார்கள். காரணம் உங்களுக்கே தெரியும், சரக்கு சல்லிசு. பொறுப்பு யார் தலையில் விழுந்தது? சொட்டுகூடத் தொடாத ஹாதி தலையில். உள்ளூர்க்காரன் ஆயிற்றே! முதல் தடவை பரீட்சை என்றார்கள். இரண்டாவது தடவை கடலால் நின்றுபோனது. மூன்றாவது தடவை, 2005 டிசம்பர் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, நோணாங்குப்பம் போட் ஹவுஸ், பதினோரு மணி என்று ஹாதியே நாள் குறித்தான்.

அவனுக்கு அவசரம் இருந்தது. ஷார்ஜாவில் ஒரு திரைச்சீலைக் கடையில் அவனுக்கு வேலை பார்த்துவைத்து, மாமா விசாவும் அனுப்பிவிட்டார். இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை பிளைட். போக அவனுக்கு மனசே இல்லை. அத்தாவிடம் மாட்டேன் என்று சொல்லவும் தெரியவில்லை. கொட்டாயிலும் இதை அவன் எழுதவில்லை. சனிமூலையிடம் நேரில், வாயால் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தான்.

அந்த வருஷம் மழை பேய் மழை. மீட்டுக்குப் பதினாலு பேர் வருவதாக எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை பார்த்தால் ஒவ்வொருத்தனாகக் கழன்றுகொண்டிருந்தான். ஒருத்தனுக்கு ரோட்டில் தண்ணீர், ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்கு மாமன் மகள் நிச்சயதார்த்தம். கடைசியில் சனிமூலை எழுதியிருந்தான்: “எவன் வந்தாலும் வராட்டியும் நான் வரேன் 605.”

“எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று ஹாதி கேட்டான்.

“கருப்புல வா. நம்மாளுக்கு நம்மாளத் தெரியாதா?”

கடை நம்பரைத் தனியாக அனுப்பிவைக்கலாமா என்று ஹாதி யோசித்தான். அத்தா போனை எடுத்து, அந்தப் பக்கம் “குழி இருக்காரா?” என்று கேட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தான். அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஹாதி பத்து மணிக்கே போட் ஹவுஸ் வாசலில் டிவிஎஸ் வண்டியை நிறுத்தினான். வீட்டிலிருந்து வெள்ளைச் சட்டையில் வந்தவன் அதைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தான். உள்ளே கருப்பு டீசர்ட். நெஞ்சில் ஒரு மண்டையோடு, அதற்கு மேல் எழுத்தா முள்வேலியா என்று தெரியாத ஒரு பெயர். இந்த நாளுக்காகவே இரண்டு மாசமாக வளர்த்த தாடி. டிக்கெட் கவுண்டரில் இருந்த பலராமனிடம், “ஒரு போட்டு மட்டும் வச்சிருங்கண்ணா, ஃப்ரெண்ட்ஸ் வராங்க” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றான். தெருவில் நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு அவன் நின்றது அதுதான் முதல் தடவை.

ஆனால் அது என்ன மாசம்? மார்கழி. சபரிமலைக்குப் போகிற வேன்கள் எல்லாம் வழியில் பாண்டியைப் பார்த்துவிட்டுப் போகிற மாசம். இதை ஹாதி நினைக்கவே இல்லை. கொட்டாயில் ஒருத்தனும் நினைக்கவில்லை. முதல் வேன் வந்து நின்றது. கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, தாடி, தலைமுடி, வெறுங்கால். இருபது பேர் இறங்கினார்கள். பின்னாலேயே இன்னொரு வேன்.

வயசான குருசாமி ஒருவர் நேராக ஹாதியிடம் வந்து கைகூப்பினார். “சாமி சரணம்! எந்தக் கோஷ்டி சாமி? மாலையக் காணோமே, அறுந்துடுச்சா?”

ஹாதியும் பதிலுக்குக் கைகூப்பிவிட்டான். “இல்லைங்க… நான் பாய்ங்க.”

குருசாமி தாடியைப் பார்த்தார், மண்டையோட்டைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். “அதனால இன்னா சாமி? வாவர் பள்ளிவாசல்ல கும்புட்டுட்டுதான நாங்களே மலை ஏர்றோம்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்களே! வேஷம் போட்டு மாட்டிக்கொண்டவன் போல ஹாதிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டான். சனிமூலை வரும்போது கழற்றிக்கொண்டால் போகிறது என்று நினைத்தான். படகுத்துறைக்கு எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

பதினொன்றே காலுக்குக் கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு சாமி தனியாக வந்தார். முப்பது வயசு இருக்கும். ஒல்லி. வெயிலில் வெந்த கருப்பு. கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். துறையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

“இங்க உக்காரலாமா சாமி?”

“உக்காருங்க சாமி” என்றான் ஹாதி. மாலை போட்டவர்களைச் சாமி என்று கூப்பிடுவது ஊர் வழக்கம். அவர்களும் எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் கேட்கிற வேலையே இல்லை.

கொஞ்ச நேரம் இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சாமி கேட்டார், “யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களா சாமி?”

“ஆமா. ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்” என்றான் ஹாதி. “நீங்க?”

“நம்ம குருசாமி கோஷ்டி வருது. போட்டுல போலாம்னாங்க.”

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. ஹாதி பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினான். “வெளிய சாப்பிடறதில்ல சாமி, தண்ணி மட்டும்” என்றார் அவர். ஹாதி போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தான். அவர் ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

“எந்த ஊரு சாமி?”

“சொந்த ஊரு பெரம்பலூர் பக்கம். ஆனா ஊர்ல எங்க இருக்கேன்? போர் போடற லாரில வேலை. ஒரிசா, ஆந்திரா, எங்க தண்ணி கேக்கறாங்களோ அங்க போவோம். நாள் பூரா மிஷின் சத்தம். காதுல பாதி போச்சு.” சிரித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இரண்டு கை விரல்களும் பெஞ்சின் விளிம்பில் கடகடவென்று தட்டிக்கொண்டே இருந்தன. பஜனைத் தாளமாக இருக்கும் என்று ஹாதி நினைத்துக்கொண்டான்.

வாசலில் கருப்பு டீசர்ட் ஏதாவது தெரிகிறதா என்று அவன் கழுத்தை நீட்டிய போதெல்லாம் பக்கத்திலிருந்தவரும் நீட்டினார். தெரிந்தது எல்லாம் கருப்பு வேட்டிதான்.

வராத ஆளுக்குச் சேர்த்துவைத்த பேச்சு எத்தனை நேரம்தான் நெஞ்சிலேயே நிற்கும்? இரண்டு மணி வாக்கில் ஹாதி தானாகவே சொன்னான். “செவ்வாக்கெழம ஷார்ஜா போறேன் சாமி. போவ இஷ்டமே இல்ல. அத்தாகிட்ட சொல்ல முடியல.”

சாமி அவனைத் திரும்பிப் பார்த்தார். விரல் தட்டுவது நின்றது. “லாரில ஆறு மாசம் வீட்டப் பாக்க மாட்டோம் சாமி. முதல் மாசம்தான் கஷ்டம், அப்பறம் பழகிடும்னு சொல்லுவாங்க. பொய். பழகாது. ஆனா நாள் ஓடிடும். எனக்குன்னு ஒரு இடம் இருக்கு, ஞாயித்துக்கெழமயில சத்தம் போட்டு சண்ட போட்டுட்டு வருவேன். அதுல ஓடிடும்.”

ஏதோ சீட்டாட்ட கிளப் என்று ஹாதி எடுத்துக்கொண்டான். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்றரை மணிக்குப் பலராமன் கவுண்டரிலிருந்து குரல் கொடுத்தான். “தம்பி, கடைசி போட்டு. உன் ஆளுங்க வருவாங்களா, மாட்டாங்களா?”

சாமி எழுந்து நின்றார். “ரெண்டு பேர் ஆளுங்களும் வரல. வாங்க சாமி, நாமளாச்சும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். இவ்ளோ தூரம் வந்துட்டோம்.”

ஹாதிக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த மனுஷனோடு இன்னும் ஒரு மணி நேரம் தண்ணீரின் மேல் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் போன நேரம் பார்த்துச் சனிமூலை வந்துவிட்டால்? வந்து, யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விட்டால்? “நீங்க போங்க சாமி. நான் இங்கயே இருக்கேன். அவன் வந்துட்டான்னா பாவம்” என்றான்.

சாமியும் போகவில்லை. உட்கார்ந்துவிட்டார். படகு அவர்கள் இல்லாமல் போனது. நாலரைக்கு அவர் எழுந்து, ஹாதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நல்லபடியா போயிட்டு வாங்க சாமி” என்றார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. நேராக நடந்துபோய் பஸ் ஏறினார். ஹாதி ஆறு மணி வரை இருந்தான்.

ராமலிங்கத்தின் சென்டருக்குள் நுழையும்போது மணி ஏழடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. சனிமூலையை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்று வழி பூராவும் வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தான். கொட்டாயைத் திறந்தால், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சனிமூலை எழுதியிருந்தான்.

“வந்தேன்டா. பதினொன்னே கால்லேருந்து நாலரை வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒருத்தனும் வரல. 605, நீயும் வரல. கோவம் இல்ல, உனக்கு இன்னா கஷ்டமோ. ஒன்னு சொல்றேன், ஓட்டாதீங்க. நான் மாலை போட்டிருக்கேன். எங்கம்மா வேண்டுதல். மாலையோட மண்டையோட்டு டீசர்ட் போட மனசு வரல. எப்படியும் கருப்புதானேன்னு வந்துட்டேன். பக்கத்துல ஒரு பாய் இருந்தாரு, வெள்ளச் சட்ட. அவரு ஆளுங்களும் வரல. தண்ணி வாங்கிக் குடுத்தாரு. ஷார்ஜா போறாராம், மனசே இல்லாம. நீங்க யாரும் வராததுக்கு அவராச்சும் இருந்தாரேன்னு இருந்துச்சு. இன்னா பாட்டு கேப்பீங்கன்னு அவரக் கேக்கலாம்னு நாலு வாட்டி வாய் வரைக்கும் வந்துச்சு. சிரிச்சிடுவாரோன்னு விட்டுட்டேன். ஏழு மணிக்குத் திருச்சி பஸ். மலைக்குப் போயிட்டு வந்து பாக்கறேன்.”

ஹாதி அதை இரண்டு தடவை படித்தான். ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னான். பக்கத்துத் தடுப்பிலிருந்த ஆள் எட்டிப் பார்த்தான். “அது நான்தான்டா” என்று அடித்து அனுப்பினான். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தான்.

பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கருப்பு. எந்தப் பக்கம் பார்த்தாலும் மாலை, தாடி, தலையில் இருமுடிப் பை. “சாமி!” என்று ஹாதி கத்தினான். அவன் பிறந்து வளர்ந்து அத்தனை பெரிய குரலில் கத்தியதே இல்லை. ஐம்பது பேர் திரும்பினார்கள். ஐம்பது பேரும் சாமிதான். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? மலைக்குப் புறப்பட்டு நிற்கிற கூட்டத்தின் நடுவில் நின்று ‘சனிமூலை’ என்று கத்த முடியுமா? வாயைத் திறந்தான். அவன் அப்படி வாயைத் திறந்து நின்றபோதே திருச்சி பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் எல்லாம் கருப்புச் சட்டைகள்.

செவ்வாய்க்கிழமை அவன் போய்விட்டான். ஷார்ஜாவில் முதல் இரண்டு மாசம் கடையையும் படுக்கையையும் தவிர வேறு எதையும் பார்க்க விடவில்லை. மார்ச் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பிரவுசிங் கடையைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தால், மெட்டல் கொட்டாய் இல்லை. இலவசமாக இடம் கொடுத்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தது. அறுபது பேரும் போன இடம் தெரியவில்லை. ‘அது நான்தான்டா’ என்ற அந்த ஒரு வரியைச் சனிமூலை படித்தானா, படிக்காமலே மலையிலிருந்து திரும்பி வந்து வெறும் பக்கத்தைப் பார்த்தானா? ஹாதிக்குக் கடைசி வரை தெரியாது. முகம் தெரியும். குரல் தெரியும். உள்ளங்கைக் காய்ப்புத் தெரியும். பெயர் தெரியாது. கொட்டாயில் பெயர் சொல்லக் கூடாது என்பது சட்டம், மாலை போட்டவரிடம் பெயர் கேட்கிற வழக்கமில்லை.

2007இல் முதல் லீவு. எல்லோரும் நோன்புப் பெருநாளுக்கு லீவு கேட்டால் இவன் மார்கழிக்குக் கேட்டான். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டார். அந்த லீவில்தான் ஃபரீஹாவோடு கல்யாணம். கல்யாணமான நாலாம் நாளே ஹாதி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். மெட்டலைச் சொன்னான், கொட்டாயைச் சொன்னான், வெள்ளைச் சட்டையைச் சொன்னான். ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். அவள் அரை நிமிஷத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டு, “யா அல்லா!” என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. ஒருநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, போர் போடுகிற லாரிகள் நிற்கிற இடமெல்லாம் விசாரித்துவிட்டு வந்தான். பெயர் கேட்டார்கள். சாமி என்றான். அவனை ஒருமாதிரிப் பார்த்து அனுப்பிவைத்தார்கள்.

2009 டிசம்பரிலும் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கருப்பு டீசர்ட்டை எடுத்து மாட்டும்போது ஃபரீஹா கேட்டாள், “இன்னா, உங்க சாமியத் தேடிக் கெளம்பிட்டீங்களா?”

“ஆமா” என்றான்.

“அவரு இந்த வருஷம் மாலையே போடலன்னா? போட்டாலும் இந்த வழியாதான் வரணுமா?”

“வரணும்னு இல்ல” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். மேலே சட்டை போட்டுக்கொள்ளவில்லை. மண்டையோட்டைச் சாரத்திலிருந்து நோணாங்குப்பம் வரை ஊரே பார்த்தது. கடை வாசலில் நின்ற அத்தாவும் பார்த்தார்.

போட் ஹவுஸில் அன்றைக்கும் வேன் மேல் வேனாக வந்துகொண்டிருந்தது. இறங்குகிற ஒவ்வொரு தாடியின் முகத்தையும் ஹாதி பார்த்தான். நாலு வருஷத்தில் முகம் மாறியிருக்கலாம், தாடி நரைத்திருக்கலாம். அதனால் முகத்தை மட்டும் நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தான். முப்பது, முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க, வெயிலில் வெந்த ஒல்லி ஆள் யாரைப் பார்த்தாலும் நேரே போய் முன்னால் நின்றான்.

“சாமி, ஒன்னு கேக்கலாமா?”

“கேளுங்க சாமி.”

“நீங்க மெட்டல் கேப்பீங்களா? பாட்டு. டெத் மெட்டல்.”

ஒருத்தர் புரியாமல் விழித்தார். ஒருத்தர் இல்லை என்று தலையாட்டினார். சின்னப் பையன்கள் இரண்டு பேர் அவன் டீசர்ட்டைக் காட்டிக் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். பெரிய குங்குமப் பொட்டு வைத்த ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நமக்கு பஜனைதான் சாமி” என்றார்.

“சரி சாமி” என்றான் ஹாதி. அடுத்த வேன் வந்து நின்றது. கதவு திறப்பதற்குள் போய் நின்றுகொண்டான்.